நாற்பதாவது நொடி

பணகுடிக் காற்றாடிக் காட்டில் எனக்கு ராத்திரி வேலை.
ஆனி பிறந்துவிட்டால் வேலை கூடுதல்,
பார்க்கிற வேலை. செய்கிற வேலை இல்லை.
அறுபத்திரண்டு பச்சை விளக்கும்
பச்சையாகவே இருக்கின்றனவா என்று
விடியும்வரை பார்க்க வேண்டும்.
இடையில் ஒரு பாட்டு செய்யலாம் என்று தோன்றியது.
வாசிக்கத் தெரியாது.
கேட்கத் தெரியும், அவ்வளவுதான்.

வள்ளியூரில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன்,
'எம்' பொத்தான் விழுந்தது.
இரண்டு சாஃப்ட்வேர் இறக்கினேன்.
ஒன்று இலவசம்.
எட்டு டிராக்தான் தருவேன் என்றது,
எட்டு இலை போட்டுவிட்டு
ஒன்பதாவது ஆளை வாசலில் நிறுத்துகிற
கல்யாண வீடு மாதிரி.
இன்னொன்று ஒன்பதாயிரத்து அறுநூறு.
புது பஸ்ஸின் டிரைவர் சீட்டுக்கு முன்னால் இருப்பதுபோல்
எத்தனை பொத்தான், எத்தனை வெளிச்சம்!
வாங்கும்வரை சும்மா பழகிக்கொள்,
ஆனால் நாற்பது நொடிக்கு ஒருமுறை
ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொள்வேன் என்றது.
மூடிக்கொண்டது.

சம்பளம் பதினாலாயிரம்.
வண்டித் தவணை, சீட்டு,
தங்கை செலினுக்கு நர்சிங் ஹாஸ்டல்.
மீதி வந்தது.
ஒன்பதாயிரமாக வரவில்லை.

"என்னல கணக்குப் போடுத?
பூட்ட ஒடச்சது எங்கிட்ட கெடக்கு,
பத்து பைசா வேண்டாம்"
என்று பென்டிரைவை நீட்டினான் அந்தோணி மிக்கேல்.
போன வருசம் அதே பென்டிரைவில்தான்
அவன் மச்சினன் கல்யாணப் படம் அத்தனையும் போனது.
மாப்பிள்ளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
வேண்டாம்டே என்றேன்.
நான் நல்லவன் என்பதால் இல்லை.

நாற்பத்தேழாம் நம்பர் காற்றாடிக்குத் திக்குவாய்.
மூன்று சுற்றுக்கு ஒரு தடவை
தொண்டையைச் செருமும்.
அதைப் போனில் பிடித்துவந்து தாளமாக வைத்தேன்.
மேலே ஒரு குழல்,
அடியில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று.
நாற்பதாவது நொடியில் எல்லாம் அறுந்தது.
கெட்ட வார்த்தை சொன்னேன்.
மறுநாளும் அறுந்தது, மறுநாளும் சொன்னேன்.
மூன்றாம் நாள்,
அறுகிற இடத்துக்குச் சற்று முன்னால்
குழலை உச்சிக்கு ஏற்றி வைத்தேன்,
விழட்டும் என்று.
விழுந்தது.
அந்த ஒரு மூச்சில்
கணவாய் தாண்டி வந்த காற்று
சன்னல் கம்பியில் தன் பங்கைச் சொல்லிவிட்டுப் போனது.

முப்பதாம் நாள்
பொத்தான்கள் எல்லாம் சாம்பல் நிறமாயின.
செய்து வைத்ததையும் திறக்க விடவில்லை.
இலவசத்துக்குள்ளேயே வந்து
முதலிலிருந்து கட்டினேன்.
குழல், தகரம், நாற்பத்தேழு.
மூன்றுதான்.
ஐந்து இலை காலி.

ஓடவிட்டேன்.
நாற்பதாவது நொடி வந்தது, போனது,
பாட்டு பாட்டுக்கு ஓடியது.
சட்டைப் பையைத் தடவிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.
கத்தரிக்கோல் பொத்தானை எடுத்து
சரியாக அந்த இடத்தில்
ஒரு மூச்சு வெட்டினேன்.

செலினுக்கு அனுப்பினேன்.
மூன்று மணிக்கு முழித்திருந்தாள், பரீட்சை.
"நல்லாத்தான் இருக்கு,
நடுவுல நின்னு நின்னு வருதே,
காசு கட்டலியா?"

பதில் அடிப்பதற்குள்
நாற்பத்தேழில் சிவப்பு எரிந்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.