டிகோடர் மேல் ஆடிப்பட்டம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள்.
பழமொழி கப்பலேறி வந்தபோது
பருவத்தை மட்டும் துறைமுகத்தில் விட்டுவிட்டது.
இங்கே ஆடி என்றால்
கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியைக்
காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டுகிற மாதம்.

அதனால் நார்த்டேலில் நான்
டிகோடர் மேல் விதைக்கிறேன்.
இந்த வீட்டில் இரவும் பகலும் சூடாயிருக்கும் நிலம்
அது ஒன்றுதான்.
முட்டை அட்டைக் குழிகளில் கத்தரி,
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் தக்காளி.
கீழே குணாளனின் கிரிக்கெட்.
மண் உள்ளே விழுந்தால் ரிப்பேருக்கு யார் கொடுப்பது என்கிறான்.
விழுந்தால் உள்ளேயும் ஏதாவது முளைக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை.
யாரோ ரன் அவுட்.

மிளகாய்தான் முரண்டு.
பன்னிரண்டு நாளாகியும் தலைகாட்டவில்லை.

பதின்மூன்றாம் நாள் மின்சாரம் போனது.
எப்போது வரும் என்று
ஊருக்கெல்லாம் பதில் சொல்வது என் வேலை:
நகராட்சி அழைப்பு மையம், இரவுப் பணி,
ஜெனரேட்டர் வெளிச்சத்தில் எட்டு நாற்காலி.
என் வீட்டுக்கு எப்போது வரும் என்று
எனக்கும் யாரும் சொல்வதில்லை.

டிகோடரைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி.
காய்ச்சல் விட்டது கெட்ட செய்தியாக
வேறெந்த வீட்டில் இருக்கும்?

மிச்சமிருந்த மிளகாய் விதை பன்னிரண்டை
நனைத்த டிஷ்யூவில் மடித்து,
ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றினேன்.
பெண்கள் உடுப்பில் பை வைக்க
உலகத்துக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.
உள்ளாடையின் இடது பட்டையில் செருகிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

இரண்டேகால் மணிக்கு இம்பாலியிலிருந்து ஓர் அழைப்பு.
பெயர் ஸோண்டி.
கத்தவில்லை.
கத்துகிறவர்களுக்கான பதிலை
அச்சடித்து மேசையில் ஒட்டியிருக்கிறார்கள்.
இவருக்கான தாள் இல்லை.
அறுபது குஞ்சு, சிசி. நேற்றுதான் வாங்கினேன்.
விளக்கு அணைந்துவிட்டது.
அவர் குரலுக்குப் பின்னால்
கீச்கீச்சென்று ஓர் அறை.

குறிப்பு எண் தந்தேன்.
குழு வந்துகொண்டிருக்கிறது என்றேன்.
எந்தக் குழு, எந்த வழியில், தெரியாது.
பிறகு,
பேச்சு பதிவாகிறது என்று தெரிந்தே,
காஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.
காஸ் முடிந்துவிட்டது.
வீட்டில் எத்தனை பேர்?
ஐந்து.
சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. ஆளுக்குப் பன்னிரண்டு.
கணக்கு மீதியில்லாமல் வந்ததில்
இருவருமே ஒரு நொடி பேசவில்லை.

விடியும்போது திரையில் அந்த எண்
பச்சையாகியிருந்தது. தீர்ந்தது என்று எழுதியிருந்தது.
புகார் தீர்ந்ததா, குஞ்சுகள் தீர்ந்தனவா?
திரையிடம் இருப்பது ஒரே சொல்.
திருப்பி அழைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வாரம் பெர்க் காற்று இறங்கியது.
மலைப்பக்கமிருந்து ஒரே ஒரு நாள்
கோடை வேஷம் போட்டு வரும் அனல்.
நம்பி நாற்றை வெளியே வைத்தால்
மறுநாள் குளிர் வந்து கணக்கு முடிக்கும்.
போன வருஷம் வைத்தேன்.
இந்த வருஷம் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.
கத்தரி டிகோடரிலேயே இரண்டிரண்டு இலை விட்டது.
தக்காளி முழுக்க
கிரிக்கெட் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து நின்றது.
குணாளன் பார்த்தான்.
எழுந்து, டப்பாவைத் திருப்பி வைத்தான்.
எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் ஜிப் பையைத் திறந்தேன்.
டிஷ்யூவில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வால்கள்,
வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவு.
எண்ணினேன்.
பதினொன்று.
கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன்.

பதினொன்றையும் பல்குத்தும் குச்சியால் தூக்கி
முட்டை அட்டையில் படுக்கவைத்தேன்.
வாலில்லாத ஒன்றைத்
திரும்ப மடித்து, நனைத்து,
இடது பட்டையில் செருகிக்கொண்டேன்.
அன்றும் இரவுப் பணிதான்.