சேதாரம்

வளையல் ஆறும் சுருக்குப்பையில்,
பை என் மடியில், நான் வண்டியின் பின்னால்.
காரைக்குடி அம்மன் சன்னதி வரும்வரை
வேறு கடைகளின் பெயர்களை
அவர் காதில் போட்டுக்கொண்டே வந்தேன்.
புதுக்கடையில் ஏசி உண்டு, காப்பி உண்டு,
பழசுக்குப் புதுசாம், சேதாரமே இல்லையாம்.
"வைரவ பத்தர் இருக்கும்போதா?" என்றார்.

வைரவ பத்தர் இருந்தார்.
அதுதான் என் பயம்.

தராசில் தொண்ணூற்றாறு கிராம், இருநூறு மில்லி.
பெங்களூரிலிருந்து மகள் போனில் முகம் காட்டினாள்:
"மஞ்சமஞ்சேள்னு வேண்டாம் அப்பச்சி,
ரோஸ் கோல்டா செய்யச் சொல்லுங்க."
"அதென்ன ரோஸு?"
"செம்புதாண்ணே," என்றார் பத்தர்.
"வெள்ளி கூட்டினா வெளுக்கும், செம்பு கூட்டினா சிவக்கும்.
முந்தியெல்லாம் சிவப்பா இருந்தா
மாத்துக் குறைச்சல்னு சண்டைக்கு வருவாக.
இப்ப அதுக்குக் கூலி கூடக் குடுக்கறாக."

கத்திரியை எடுத்தார்.
முதல் வளையல், உள்ளும் புறமும் ஒரே மஞ்சள்.
இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.
பிள்ளையார் நோன்பு என்றைக்கு வருகிறதென்று
நான் சுவர்க் காலண்டரில் தேடிக்கொண்டிருந்தேன்.
நாலு.
ஐந்தாவது,
அறுத்த கொய்யாப்பழம் மாதிரி
உள்ளே சிவந்திருந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இதே ஸ்டூல்.
அசலைக் கொடுத்தேன்.
மாற்றுக் குறைந்த பொன்னில்
அதே எடை, அதே கொடி, அதே திருகாணி,
வித்தியாசத்துக்குக் காசு.
எல்லாம் பொருந்தி நிறம்தான் காட்டிக்கொடுத்தது.
"இருங்க ஆச்சி" என்று
வெடியுப்பு இரண்டு பங்கு, படிக்காரம் ஒன்று, கறியுப்பு ஒன்று
கொதிக்கவிட்டார்.
கம்பியில் கோத்து முக்கினார், எடுத்தார், கழுவினார்,
மறுபடி முக்கினார்.
மேல்தோலில் இருந்த செம்பை மட்டும்
உப்பு தின்றுவிட்டது.
மிஞ்சிய பொன் மயிரிழை கனத்துக்கு
மஞ்சளாய் முகம் காட்டியது.
பூச்சு இல்லை, அதுவும் பொன்தான்.
இதை எனக்கு நானே எத்தனையோ இரவு
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காசு, மூவாயிரத்து இருநூறு ரூபாய்,
சாயங்காலத் திருச்சி பஸ்ஸில் ஏறிப்போனது.
யாருக்கு, எதற்கு என்பதை
இங்கேயும் எழுதப்போவதில்லை.

"ஏன் இது மட்டும் இப்படி?" இவர் குனிந்தார்.
பத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
என் பக்கம் திரும்பவே இல்லை.
தன் கைவேலை தெரியாமலா போகும்?
"பழைய உருப்படிண்ணே..." என்று இழுத்தார்.

அவ்வளவுதான். மீதியை இவரே செய்துகொண்டார்.
"ரங்கூன் தங்கமா இருக்கும்!
எங்க ஐயா கொண்டுவிக்கப் போன எடமாச்சே,
அங்கத்துப் பொன்னு சிவப்பாத்தான் இருக்கும்."
சொல்லச் சொல்ல அவர் முகத்தில்
மெருகு ஏறிக்கொண்டே போனது.
இப்போது யார் முக்கி எடுத்தது இவரை,
பத்தரா, நானா?

ஆறும் ஒரே மூசைக்குள்.
வெங்காரம் ஒரு சிட்டிகை.
முதலில் ஓரங்கள் மழுங்கின,
பிறகு ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து
திடீரென்று எல்லாம் ஒரு துளியாகி நடுங்கியது.
எது எந்த வளையல் என்று
இனி நெருப்பைக் கேட்டாலும் சொல்லாது.

சீட்டில் எழுதினார்:
செய்கூலி தனி. சேதாரம் ஐந்து கிராம்.
"அஞ்சா?"
"பழசுல்லண்ணே."
பேரம் நாலேகாலில் வந்து நின்றது.
முக்கால் கிராமை அவர்
எங்கிருந்து எடுத்துப் போடுவாரோ, நான் கேட்கவில்லை.

"ரோஸுக்குச் செம்பு நாங்க வாங்கித் தரணுமா?"
"வேண்டாண்ணே," என்றார், ஊதுகுழலைத் துடைத்தபடி,
"ஏற்கெனவே கொஞ்சம் கெடக்கு."

"ஏறு சிகப்பி" என்று வண்டியை உதைத்தார்.
பை காலி.
ஆனாலும் வீடு வரும்வரை
இரண்டு கையாலும் அதைப்
பிடித்துக்கொண்டே வந்தேன்.