வெறும் வண்டி எடை

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்பால்
எடை மேடையில் எனக்கு வேலை.
தேங்காய் லாரி, வைக்கோல் லாரி, நார்க்கட்டு.
பாரத்தோடு ஒரு தடவை,
வெறும் வண்டியாக ஒரு தடவை.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
பதினோரு வருஷமாக இந்த ஒரே கணக்கு.

டோக்கன் மேடையின் நடுவில் படுத்திருப்பாள்.
திரை பூஜ்யம் காட்டும்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதுவும்
உலகத்தில் இருப்பதாக அது ஒத்துக்கொள்ளாது.

செவ்வாய்க்கிழமை காலை மிருதுளா கத்தினாள்:
"அம்மா, என் தலகாணில சோறு சிந்துனது யாரு?"
யாரும் சிந்தவில்லை.
குனிந்து பார்த்தேன். ஒரு பருக்கை
மெல்ல நீண்டது, குறுகியது,
மறுபடி நீண்டது.
அன்றைக்கு நான் சோறே வடிக்கவில்லை.

மில் வாட்ச்மேன் குப்பைமேனி என்றார்.
பொள்ளாச்சி கிளீனர் பையன் பப்பாளி விதை என்றான்,
எந்தப் பூனை தின்னும் என்று சொல்லாமல்.
வீட்டில் பழைய பாட்டில் ஒன்று இருந்தது.
அது உருண்டைப் புழுவுக்காம்.
நாடாப்புழு அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுமாம்.

கொழிஞ்சாம்பாறை கால்நடை ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஷெறின் புழுவைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"செள்ளு உண்டோ?"
எங்களுக்குத் தெள்ளு. கோட்டைத் தாண்டினால் செள்ளு.
கடி ஒன்றுதான்.

புழு முட்டையைத் தெள்ளின் குஞ்சு தின்னும்.
வளர்ந்த தெள்ளைப் பூனை நக்கி விழுங்கும்.
பூனையை முகத்தோடு அணைத்துத் தூங்கும் பிள்ளையும்
அறியாமல் ஒன்றை விழுங்கலாம்.
மாத்திரை வயிற்றைக் காலி செய்யும், அவ்வளவுதான்.
தெள்ளு மிச்சமிருந்தால்
மூன்று வாரத்தில் பருக்கை திரும்ப வரும்.

மருந்துக்கடை நாசர் பாதி விலைக்கு
நாய்ச் சொட்டு மருந்து காட்டியதைச் சொன்னேன்.
டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.
"நாய்க்கு அது மருந்து. பூனைக்கு அது சாவு."
பிறகு கேட்டார்: "இவள் எடை எத்தனை?"

எடை மேடைக்காரியிடம்!
வெட்கமாக இருந்தது.

அரிசி மண்டித் தராசில் டோக்கனோடு ஏறினேன்.
அறுபத்து நாலே முக்கால்.
அவளை இறக்கிவிட்டு நின்றேன்.
அறுபத்து ஒன்றேகால்.
வெறும் வண்டி நான்.
சரக்கு மூன்றரைக் கிலோ. அதற்கேற்ற மாத்திரை.

மத்தி மீனுக்குள் வைத்தேன். மீனைத் தின்றாள்,
மாத்திரையைத் தரையில் சுத்தமாக வைத்தாள்.
இரண்டாவது தடவை தொண்டைக்குள்.
நுரை, கீறல், என் ரத்தம், அவள் கோபம்.
கழுத்தில் பூனைக்கென்றே உள்ள சொட்டு.
பாய், போர்வை, சாக்கு எல்லாம் வெயிலில்.
மிருதுளா தெள்ளுச் சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புப் பொடியை
ஈரக் காகிதத்தில் தட்டினாள்.
பொடி சிவப்பாய்க் கசிந்தது.
"நம்ம டோக்கன் ரத்தமா?" என்றாள்.

வியாழக்கிழமை டீ குடிக்க அந்தப் பக்கம் போனேன்.
குஞ்ஞுமோன் கடை பெஞ்சில் டோக்கன்.
"அம்மிணி, அடங்கி இரு" என்கிறார் அவர்.
அம்மிணியா?
அவர் கையில் ஒரு குழாய், மூடி திருகியாயிற்று.
அட்டையில் நாய்ப் படம்.

"வேண்டா சேட்டா!"
கிளாஸ் உருண்டது. கையைப் பிடித்துவிட்டேன்.
கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்,
பாதி தமிழில், பாதி எதிலோ.

ஆறு வருஷமாக அவருக்கு அம்மிணி.
எனக்கு நாலு வருஷமாக டோக்கன்.
இரவு அங்கே மீன் தலை, காலை இங்கே பால்.
என் வீட்டுப் பாயை மட்டும் உதறி என்ன பயன்?

எடைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டோம்:
அடுத்த சொட்டு எந்தத் தேதி, யார் முறை.
நான் தமிழில், அவர் மலையாளத்தில்.
எண்கள் மட்டும் ஒரே மாதிரி.
பெஞ்சுச் சாக்கை அவரே உருவி வெயிலில் போட்டார்.
டீக்குக் காசு வாங்கவில்லை. உடைந்த கிளாஸுக்கு வாங்கினார்.

இப்போது மேடையில் வைக்கோல் லாரி ஒன்று
ஹாரன் அடிக்கிறது.
டோக்கன் சோம்பல் முறித்து எழுகிறாள்.
திரையில் பூஜ்யம் அசையவில்லை.
கோட்டைத் தாண்டி
அம்மிணியாகிறாள்.