கணக்கு தப்பிய நாள்

ரோஸ்கோஃப் கரையில் கடல் உள்வாங்கிய காலை,
மணல்மேல் பச்சைச் சாந்து வழித்ததுபோல் ஒரு பரப்பு.
குனிந்தால் சாந்து நெளிகிறது.
ஒவ்வொன்றும் ஒரு புழு,
வெட்டியெறிந்த நகத்துணுக்கு அளவு,
உடம்புக்குள் பாசியைக் குடிவைத்து
வெயிலில் சமைத்துக்கொள்வது.

ரோசென் கரண்டியோடு நடந்தாள்.
பூட்ஸின் அதிர்வுக்கே பாதி மணலுக்குள் போய்விட்டது.
மிச்சத்தை ஊறுகாய் ஜாடியில் அள்ளி
ரயிலில் மடிமேல் வைத்து ரென் நகரம் வந்தாள்.

ரென்னில் கடல் இல்லை.
இரண்டு ஆறு உண்டு. இரண்டும் ஓதம் அறியாதவை.

மேசைமேல் கண்ணாடிக் குழாய்,
இரண்டு விரற்கடை மணல்,
அணையாத விளக்கு.
மூன்றேகாலுக்குப் புழுக்கள் இறங்கின.
யாரும் தட்டவில்லை. தண்ணீர் அசையவில்லை.
ஓத அட்டவணையைப் புரட்டினாள்:
அவள் காலையில் நின்ற இடத்தில்
இப்போதுதான் அலை ஏறுகிறது.

வராத கடலுக்கு ஒதுங்கி நிற்கின்றன.
எதை வைத்து?
மூளை என்று சொல்ல ஒரு முடிச்சு.
மேல் எது கீழ் எது என்று சொல்ல
தலைக்குள் ஒரு கல், மணலினும் பொடி.
இதில் கடலை எங்கே வைத்திருக்கிறது?

"வெறும் கடிகாரம்," என்றான் எர்வான்,
"சாவி கொடுத்த பொம்மை."
"இருக்கலாம்," என்று
அவன் சாண்ட்விச்சில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் நாற்பது நிமிடம் பிந்தியது.
அங்கே கரை மூழ்கிவிட்டது,
குழாயில் இன்னும் பச்சை.
"அவ்வளவுதான், தீர்ந்தது" என்று
விளக்கை அணைக்கப் போனவன் கையைப் பிடித்தாள்.

கல் ஒருநாளும் தவறுவதில்லை.
உருட்டினால் உருளும், விட்டால் கிடக்கும்.
கணக்கே இல்லாததற்குக் கணக்கு தப்பாது.
தப்பியிருக்கிறது என்றால்
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என
கடல் இரண்டாகியிருக்கிறது.
எத்தனை கோடி வருடம் முன்பு,
எந்தச் சேற்றில்,
எந்த உயிர்
வராத ஒன்றுக்காக முதலில் நகர்ந்து
ஏமாந்தது?

குறிப்பேட்டில் 'பிழை, 40 நிமிடம்' என்று எழுதி
கீழே இரண்டு கோடு போட்டாள்.
எர்வானுக்கு அது திட்டுவதுபோல் தெரிந்தது.

வீடு மாறி ஒரு மாதம்.
மின்சாரம் போயிருந்தது. சுவரைத் தடவி மாடி ஏறினாள்.
பதினேழாம் படிக்குக் கால் தூக்கினாள்.
பழைய வீட்டில்தான் பதினேழு.

காலடியில் காற்று.