பஸ் இலக்கம்

"இரண்டு மீற்றர் பஸ் கேபிள், மூன்று"
என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பம்
போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்ப்
பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது.
சிவப்பு மையில்:
எந்த பஸ்? இலக்கம் குறிப்பிடுக.

மர்ழியா சிரித்த சிரிப்பில்
தராசுத் தட்டு ஆடியது.
பிறகு இருவரும் காசு போட்டுக்
கொழும்பில் பழைய சாமான் கடையொன்றுக்குச் சொல்லி
ஒன்றே ஒன்று எடுப்பித்தோம்.
இரவு ரயிலில் வந்திறங்கியது
சீமெந்துப் பை கடதாசிக்குள்
சுருண்ட சாரைப் பாம்பாக.

இதன் தலைக்கு
முன்னால் பல், பின்னால் துளை.
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்காரும்.
வெள்ளைத் திருகாணி அங்குலக் கணக்கு,
கறுப்பு மில்லிமீற்றர்;
மாற்றிப் போட்டால் ஏறும்,
பிறகு இறங்காது.
கருவி ஒவ்வொன்றின் பின்புறமும்
அரிசிமணி அளவில் ஐந்து சுவிட்சுகள்,
அதுதான் கதவிலக்கம்.
மின்வழங்கி ஐந்து. ஸ்கானர் ஒன்பது.
பழைய வோல்ற்மீற்றர் இருபத்திரண்டு,
அதன் செம்மஞ்சள் இலக்கங்கள்
யோசித்து யோசித்துத்தான் மாறும்.

ஒருவர் பேச மற்றவர் கேட்கவேண்டும்.
எல்லாரும் "ஆயத்தம்" என்ற பிறகே
ஓர் எழுத்து கம்பியில் ஏறும்.
எல்லாரும் "எடுத்தாயிற்று" என்ற பிறகே இறங்கும்.
ஒருவர் "பொறு" என்று
கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தால்
கணினியும் பொறுக்கும்.
எங்கள் துறைக்கூட்டத்தில்
இப்படி விதியேதும் இல்லை.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
அவற்றுள் இறக்கப்போகும் ஏழு உணரிகளும்
முதலில் ஒரே வாளித் தண்ணீரில்
ஒரே சூட்டைச் சொல்லவேண்டும்.
அதற்குத்தான் இத்தனை பாடும்.

மூன்றாம் நாள் எல்லாம் நின்றது.

திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்கியது.
யாரோ "பொறு" என்கிறார்கள்,
யாரென்று கம்பிக்குத் தெரியாது.
பிடித்த கை ஒன்றா பத்தா என்றுகூட
அதற்குத் தெரியாது.
"அந்தக் கிழட்டுச் சாமானைத் தூக்கி எறியுங்கோ"
என்றார் துறைத்தலைவர் குலவீரசிங்கம்
வாசலில் நின்றபடி, தேநீரோடு.
எறியவில்லை, கழற்றினோம்.
கோடு மினுங்கியது.
ஸ்கானரைக் கழற்றினோம். மின்வழங்கியையும்.
கடைசியில்
ஒரு முனை கணினியில்,
மறுமுனை மேசை விளிம்பில் தொங்க,
கேட்க யாருமற்ற கேபிள் தனியே
"பொறு" என்றது.

டோர்ச் பிடித்தாள் மர்ழியா.
ஏழாம் பல்லுக்கும் உலோக விளிம்புக்கும் நடுவே
பாசிப் பச்சையில் ஒரு பூப்பு.

உப்பு.

குளிரூட்டி செத்த நாளிலிருந்து
யன்னலைத் திறந்தே வைத்தவர்கள் நாங்கள்தான்.
கொண்டல் காற்று மூன்று நாள்
எங்களைக் கேளாமல் வந்து
இந்தப் பல்லில் உட்கார்ந்திருந்தது.
ஊரின் பெயரே உப்புவெளி;
வேறென்ன எச்சரிக்கை வேண்டும்?

ஸ்பிரிற், பழைய பல்துலக்கி,
மர்ழியாவின் கிண்ணியா பஸ் போய்விட்ட அரைமணி நேரம்.
திரும்பப் பூட்டினோம், கிழட்டை முதலில்.
செம்மஞ்சள் இலக்கம் ஒன்று
யோசித்து, தடுமாறி, நின்றது.
அதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.
பிறகு அடுத்தது.
ஆறு உணரிகள் ஒரே சூட்டைச் சொல்ல
நாலாவது மட்டும் அரைக்கால் பாகை கூட்டிச் சொன்னது.
சொல்லட்டும்.
எவ்வளவு பொய் என்று தெரிந்தால்
கழித்துக்கொள்ளலாம்.

மறுநாள் விண்ணப்பத்தை எடுத்து
"எந்த பஸ்?" என்ற சிவப்பு மைக்குக் கீழே
நீல மையில் எழுதினேன்:
இலக்கம் 488.
அது இந்தக் கேபிளுக்குரிய தரநிலையின் எண்.
நான் எழுதியதில் பொய்யில்லை.

அடுத்த கிழமையே ஒப்புதல் வந்தது,
முத்திரையோடு, திகதியோடு,
சாரதியின் பெயரும் போட்டு:
திரு. பேரின்பமூர்த்தி,
புறப்படும் நேரம் காலை ஆறரை.