இரண்டு ரயில்களுக்கு நடுவே

செந்தூலில் மிளகாய்த்தூள் அரைக்கும் கடைக்கு மேலே
என் ஒலிப்பதிவு அறை.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
ஐந்து நிமிடத்துக்கொரு தரம்
எல்ஆர்டி போகும், மைக் நடுங்கும்.
மணிக்கு நாற்பது வெள்ளி. தும்மல் இலவசம்.

லாம் வந்தது ஒரு புதன் இரவு,
தலைமுடியில் மரத்தூளோடு.
சுங்கை பூலோவில் நாற்காலித் தொழிற்சாலை,
பெர்மிட்டில் இன்னும் பதினான்கு மாதம்.
கான் தோவில் இருபத்தாறு பாட்டுக்கு மெட்டுப் போட்டவனாம்.
ஒன்று சைகோனில் வருஷம் முழுக்க ஓடியதாம்,
வேறொருவன் பெயரில்.
நான் நம்பவில்லை.
இந்த அறையில் உட்கார்ந்தவர்களில்
திருடப்படாத மேதை ஒருவருமில்லை.

எங்களுக்குள் உடைந்த மலாய்தான்.
அவன் பாஷையில் மெட்டு ஏறினால்
சொல்லே மாறிவிடுமாம்:
பேய் அம்மாவாகும்,
அழுத்தி இறக்கினால் வயல் நாற்று.
எங்களுக்கும் உண்டு என்றேன்,
இழுத்தால் கல் காலாகும்.
'என்னை விடு' என்று உருகவேண்டிய பாடகர் ஒருவர்
நீட்டி நீட்டி வீடே கட்டிவிட்டார்.
லாம் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டான்.

வண்டி போனதும் தொடங்கி
அடுத்தது வருமுன் முடிக்கவேண்டும்.
அதனாலேயே இங்கே போட்டதெல்லாம் குட்டைப் பாட்டுகள்.

புடுவில் ஒரு கரோக்கே. சம்பள நாள்.
பரிமாறுகிறவர்கள் அவன் ஊர்ப் பெண்கள்.
ஒருத்தி மைக்கை எடுத்ததும்
லாம் குவளையைக் கீழே வைத்தான்.
இரண்டாம் வரியை அவள் தவறாக இறக்க,
மேசைக்கடியில் அவன் விரல் அதை ஏற்றியது.
அப்போதுதான் நம்பினேன்.
முடிந்ததும் வந்து மலாயில் சொன்னாள்,
'உங்களுக்குப் புரியாது அண்ணே,
இது எங்க ஊர்ப் பாட்டு.
யார் எழுதினதோ, எல்லாருக்கும் தெரியும்.'
லாம் கை தட்டினான்,
மற்றவர்களைவிடக் கொஞ்சம் பிந்தி.

கடைசிப் புதனன்று நேரம் தப்பிவிட்டது.
முடிவு வரியின் மேலேயே வண்டி ஏறிப் போனது.
இன்னொரு தரம் எடுப்போமா என்றேன்.
வேண்டாம், இருக்கட்டும்.
பாக்கி எழுபது வெள்ளியை எண்ணி வைத்தான்,
ஐந்து வெள்ளித் தாள்களாக.

போன வாரம் குரல் செய்தி.
பாட்டு ரேடியோவில் வருகிறதாம்.
பாடகி பெயர் பெரிதாக,
இவன் பெயர் சின்னதாக, ஆனால் இவன் பெயர்தான்.
கடைசியில் உறுமிக்கொண்டு வருவது
என்ன வாத்தியம் என்று கேட்கிறார்களாம்.
'தமிழர் வாத்தியம் என்று சொல்லிவிட்டேன்.
ஒரு பெயர் வேண்டும்,
சீக்கிரம் அனுப்பு.'

மூன்று பெயர் எழுதி அழித்திருக்கிறேன்.
மேலே செந்தூல் தீமோர் வண்டி
வந்துகொண்டிருக்கிறது.