மூடியில் ஒரு பொட்டு

இந்த வாரம் மின்சாரம்
இரவு ஒன்றுக்கு வந்து ஐந்துக்குப் போகிறது.
சோறு மூன்றரைக்கே வெந்துவிடும்.
முட்டை மட்டும் கரியடுப்பில்,
பிறகு, நிதானமாக.

லைன்தாயாவில் இந்நேரம் விழித்திருப்பவர்கள்
தையல் ஆலைக்குப் போகிறவர்கள்தான். நாய்களும்.
முளைகட்டி அவித்த பட்டாணியைத் தலையில் சுமந்து
"பேப்யோ... பேப்யோ..." என்று வருகிறவள்
எங்கள் சந்து திரும்பியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.
பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள் இங்கே.
ஒரு குவளை வாங்குவேன்.
மஞ்சள், வெங்காயம், சொட்டுக் கடலையெண்ணெய்.
மகளுக்குப் போக மிஞ்சினால் எனக்கு.

டப்பாவில் மூன்று நிறம் இருக்க வேண்டும்
என்று சொல்லியனுப்பியிருக்கிறார் சயாமா.
வெள்ளைக்குக் கவலையில்லை.
மஞ்சள் இன்றைக்கு ஐந்நூறு சாட்,
போன வாரம் நானூற்றைம்பது.
பச்சைக்கு ரயில் பாதையோரம் முருங்கை நிற்கிறது,
கேட்க ஆளில்லாத மரம்.
பொடிப்பொடியாக அரிந்து முட்டைக்குள் ஒளித்தாலும்
மோந்தே பிடித்துவிடுவாள்.
"அம்மா, இதுக்குள்ள காடு இருக்கு."
"தின்னு. யானையாவே."

பள்ளிப் பதிவேட்டில் அவள் நீலார் வின்.
நீலக்கல் என்று அர்த்தம்.
வீட்டில் பவளம்.
எந்தக் கல்லானாலும் பதினொன்றரைக்குப் பசிக்கும்.

"உனக்கும் முட்டை வச்சியா?" என்பாள்,
பச்சை லுங்கியைச் செருகிக்கொண்டே,
கன்னத்தில் தனக்கா காயுமுன்.
"எனக்கு ரெண்டு" என்பேன்.
பெரிய ஆளுக்கு ரெண்டு. நியாயம்தானே.
ஒப்புக்கொண்டு போய்விடுவாள்.

செவ்வாய்க்கிழமை ஃபெரி பஸ் பத்து நிமிஷம் முந்தி வந்து
விடாமல் ஹாரன் அடித்தது.
அலமாரி மேல் இரண்டு டப்பா,
சேர்த்து வாங்கியவை, அச்சு அசல்.
கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சாப்பாட்டுக்கு அரைமணி நேரம்.
எங்கள் வரிசைப் பெண்கள் நூல்பிசிறு ஒட்டிய தரையில்
வட்டமாக உட்கார்ந்தோம்.
மூடியைத் திறந்தால், காடு இருக்கிற முட்டை.
மா சந்தா எட்டிப் பார்த்து
"பிறந்தநாளா உனக்கு?" என்றாள்.

அங்கே பெஞ்சில் அவளும் இப்போது திறந்திருப்பாள்.
குக்கரின் அடிச்சோறு,
ஓரத்தில் ஒரு விரல் ஙாப்பி,
சுட்ட மிளகாய் ஒன்று.
வெள்ளை, சாம்பல், சிவப்பு.
எண்ணிப் பார்த்தால் மூன்று நிறம்தான்.

வீணாக்க முடியுமா, தின்றேன்.
ருசியாக இருந்தது.
அதற்குத்தான் என்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

சாயங்காலம் நான் வருவதற்குள்
டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.
வாய்ப்பாடு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:
"உன் ரெண்டு முட்டையையும் நானே தின்னுட்டேன்மா."
உதடு இன்னும் சிவந்திருந்தது.
நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.
சமைக்க ஒன்றும் இல்லாத நேரத்தில்.

ராத்திரி நகப்பூச்சை எடுத்து
அவள் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.
"இனிமே மாறாது பார்."
பார்த்தாள். பாயில் சுருண்டுகொண்டாள்.

மூன்றரைக்கு எழுந்து
சோற்றைக் கிளறிவிட்டு டப்பாக்களை எடுத்தால்
இரண்டு மூடியிலும் பொட்டு.
நடுவில், அதே அளவில், நன்றாகக் காய்ந்து.
எது என் கை, எது அவள் கை,
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை.
குப்பி அவள் தலைமாட்டில்,
மூடி சரியாகத் திருகாமல்.

கரி பிடிக்க நேரமெடுத்தது.
ஐந்தாயிற்று, விளக்கு போயிற்று.
வெந்த முட்டை ஒன்று, உள்ளங்கையில் சுட்டது.
இருட்டில் தடவித் தடவிக்
கத்தியைத் தேடினேன்.